இடது பக்கக்காரனின் வலது முட்டி

பதினான்கு வருட ஆட்டத்தில் அவனுக்கு மூக்கு இரண்டு முறை உடைந்திருந்தது. முன்பற்கள் மூன்று போய், பொய்ப்பல் வந்து, அந்தப் பொய்ப்பல்லும் ஒரு முறை உடைந்திருந்தது. இடது புருவத்தில் பதினோரு தையல். விலா எலும்பில் விரிசல் விழுந்த ஆட்டத்தில், இடைவேளையில் மார்பைத் துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டாம் பாதியும் ஆடினான். மூச்சு விட முடியவில்லை. ஆகவே அதிகம் விடவில்லை. அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது லேசில் நடக்காது என்பதால் பார்க்க வந்தவர்கள் அவனைப் பூட்டு என்று கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் அவன் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

பூட்டை எந்தக் கதவிலும் மாட்டலாம் என்பது கோச்சுகளுக்கு சீக்கிரமே தெரிந்துபோயிற்று. இடது பக்கத்துக்காரனுக்குக் காய்ச்சல் என்றால் பூட்டு இடது பக்கம். வலது பக்கத்துக்காரன் கோச்சோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டால் வலது பக்கம். நடுவில் ஆள் போதவில்லையா, நடுவில். ஒரு தடவை கோல்கீப்பர் தாடையில் அடிபட்டு மயங்கி விழ, மாற்று ஆள் தீர்ந்துபோயிருக்க, கையுறையை மாட்டிக்கொண்டு கடைசி இருபது நிமிடம் கோலிலும் நின்றான். அந்தக் கோல்கீப்பர் அவனுடைய மச்சான்தான், மனைவியின் அண்ணன். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்ள, என் கையுறைய ஏன்டா போட்டிருக்க?" என்பது.

அந்தப் பதினான்கு வருடத்தில் ஆறு கோச்சுகள் மாறினார்கள். ஆறு பேரும் அவனைப் பற்றி ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: இவன் இருந்தால் கவலை இல்லை. அவர்களுக்குக் கவலை இல்லாமல்தான் போயிற்று. அவன் வாயிலிருந்து "சரி சார்" என்பதைத் தவிர வேறு சொல் எதையும் அவர்கள் கேட்டதில்லை.

பதினான்காவது வருடத்தின் கடைசி ஆட்டத்திலும் அப்படித்தான். வலது பக்கம் ஆள் காலி. கோச் கையைக் காட்டினார், பூட்டு போனான். நாற்பதாவது நிமிடத்தில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தைக் கோட்டோரமாகத் தள்ளிக்கொண்டு வந்தபோது, பூட்டு வலது காலை ஊன்றித் திரும்பினான். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. ஈரத் துணியைக் கிழிப்பது போல உள்ளே ஒரு சத்தம். மைதானத்தில் அது அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

அவன் மனைவி பொது மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கிறவள். ஊரார் எலும்பையெல்லாம் பார்த்துச் சலித்தவள், புருஷனின் முட்டியைத் திரையில் பார்த்ததும் ஓடிப்போய் எலும்பு டாக்டரைக் கூட்டிவந்து காட்டினாள். ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆறு வாரத்துக்குள் தைத்தால் நன்றாக நடக்கலாம், கொஞ்சம் ஓடலாம், அதற்குப் பிறகென்றால் மாடிப்படி ஏறும்போதெல்லாம் என்னை நினைத்துக்கொள்வாய் என்றார் டாக்டர். நாளைக்கே வந்தாலும் செய்கிறேன் என்றார்.

நாளைக்கே போக முடியாது. அங்கேதான் சம்மேளனம் வருகிறது.

கால்பந்துச் சம்மேளனத்தின் விதிப்படி, பதிவேட்டில் பெயர் உள்ள வீரனின் உடம்பில் கத்தி வைக்கச் சம்மேளனம் கடிதம் தர வேண்டும். கத்தியையும் சம்மேளனத்தின் மருத்துவமனைதான் வைக்க வேண்டும். வெளியே வைத்துக்கொண்டால் பதிவேட்டில் பெயர் அடிக்கப்படும். பெயர் அடிபட்டவன் பிறகு மைதானத்தில் விசில்கூட ஊத முடியாது. பூட்டுக்கு வயது முப்பத்துமூன்று. இளையோர் அணிக்கு வரும் வருடம் நீதான் பயிற்சியாளர் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பதினெட்டு வயதிலிருந்து வேறு வேலை எதுவும் கற்றுக்கொள்ளாதவன் அவன். அந்தப் பெயர் போனால் அவனுக்கு மிஞ்சுவது புருவத்துத் தையல்தான்.

"ஒரு கடிதம்தானே. பதினாலு வருஷம் ஆடியிருக்கேன், குடுக்காமலா போயிடுவாங்க?" என்றான்.

மனைவி நாள்காட்டியில் ஆறு வாரத்தை எண்ணி ஒரு தேதியை வட்டமிட்டாள்.

சம்மேளனக் கட்டடத்தின் வாசலில் ஆளுயரத்துக்கு சிமெண்டில் ஒரு கால்பந்து உண்டு. உள்ளே போனால், பந்தைத் தொட்டவர்கள் யாரும் கிடையாது. தலைவர் டைல்ஸ் வியாபாரி. அலுவலகக் குளியலறைக்குக் கல் பதிக்க வந்தவர் அப்படியே மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார் என்று சொல்வார்கள். செயலாளர் முன்பு சதுரங்கச் சம்மேளனத்தில் இருந்தவர். ஒவ்வொரு காய்க்கும் ஒரு கட்டம் என்பதில் உறுதியானவர். காய்கள் நகரும் என்கிற செய்தி அங்கேயும் அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை. மருத்துவ உறுப்பினர் ஒரு பல் டாக்டர்.

செயலாளர் அறையில் மேசை நிறையப் பதிவேடு. அவர் விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். தாள்களின் கீழ்மூலை எல்லாம் பழுப்பேறி, தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பூட்டின் பக்கமும் அப்படித்தான் ஒட்டிக்கிடந்தது. செயலாளர் அதை நகத்தால் பிரித்தார். தன் பதினான்கு வருடத்தின் மேல் இத்தனை எச்சில் இருக்கும் என்று பூட்டு நினைத்ததில்லை.

"நீங்க இடது தடுப்பு," என்றார் செயலாளர்.

"ஆமா சார். வலதும் ஆடியிருக்கேன். நடுவுலயும்."

"இடது தடுப்புன்னு போட்டிருக்கு. முட்டி எது?"

"வலது முட்டி சார்."

செயலாளர் பேனா மூடியால் காதைக் குடைந்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, வருத்தமான செய்தியைச் சொல்கிறவரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு விளக்கினார். இடது தடுப்பாட்டக்காரனுக்குத் தொழில் உறுப்பு இடது கால். இடது காலில் ஏற்படும் சேதம் தொழில் சேதம். வலது காலில் ஏற்பட்டால் அது அவனுடைய சொந்த வாழ்க்கையில் ஏற்பட்ட சேதம். சம்மேளனம் யாருடைய சொந்த வாழ்க்கையிலும் தலையிடுவதில்லை.

"ஆனா சார், ஆடும்போதுதான் அடிபட்டுச்சு. பத்தாயிரம் பேர் பார்த்தாங்க."

"பத்தாயிரம் பேரும் பதிவேட்டப் பார்க்கலையே."

வேண்டுமானால் இடது முட்டிக்கு இப்போதே கடிதம் தருவதாகச் சொன்னார். மறுக்க வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று அன்பாக வற்புறுத்தினார். பூட்டு தன் இடது முட்டியைப் பார்த்தான். அதற்கு ஒரு குறையும் இல்லை. அது சரியாக இருந்ததற்காக முதல்முறையாக அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மேல்முறையீடு எழுதினான். மனைவிதான் எழுதிக் கொடுத்தாள். இடது பக்கத்தை விட்டு எந்தெந்த ஆட்டத்தில் எந்தெந்த இடத்தில் நின்றான் என்று மச்சான் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, நூற்றுப் பதினேழு ஆட்டங்களை வரிசையாக எழுதி, மேற்படி ஆட்டங்களின் பார்வையாளர் அறிக்கைகளைச் சரிபார்க்கும்படி கேட்டிருந்தார்கள்.

சரிபார்த்தார்கள். அதுதான் வினையாயிற்று. சம்மேளனத்தின் ஆட்டப் பார்வையாளர்கள் மைதானத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவதில்லை. பதிவேட்டைப் பார்த்து முந்தின நாளே எழுதிவிடுவார்கள். ஆகவே நூற்றுப் பதினேழு ஆட்டங்களிலும் பூட்டு இடது பக்கம்தான் நின்றிருந்தான். இப்போது அவனே கைப்பட, இல்லை, நான் அங்கே நிற்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். இரண்டாவது வார முடிவில் பதில் வந்தது. இடமாற்றப் படிவம் நிரப்பாமல் நூற்றுப் பதினேழு முறை அனுமதியற்ற இடத்தில் நின்றதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கோலில் நின்ற இருபது நிமிடத்துக்குத் தனிப் பத்தி. இடது தடுப்பாட்டக்காரர் ஒருவர் பெனால்டி எல்லைக்குள் பந்தைக் கையால் தொட்டது, அதுவும் ஏழு முறை, அதுவும் கையுறை அணிந்து திட்டமிட்டுத் தொட்டது, விளையாட்டு உணர்வுக்கே இழுக்கு என்றது அந்தப் பத்தி.

மச்சான் அதை இரண்டு முறை படித்தார். "நான் மயக்கத்துல இருந்ததுக்கும் படிவம் குடுத்திருக்கணுமோ மாப்ள?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். பூட்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

விளக்கம் எழுதினான். வருந்துகிறேன் என்று எழுதினான். கோச் சொன்னதால் நின்றேன் என்று எழுதினான். கோச்சைக் கேட்டிருக்கிறார்கள், கையை அசைத்தது உண்மைதான், ஆனால் கொசுவை விரட்டியதாக ஞாபகம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது வாரம் வந்த உறையைப் பூட்டு பயத்தோடு பிரித்தான். அதில் அழைப்பிதழ் இருந்தது. எந்த இடத்தில் நிறுத்தினாலும் சளைக்காமல் ஆடிய பன்முக வீரர் என்று அந்த வருடத்துக்கான சம்மேளன விருது அவனுக்கே தரப்படுகிறது. நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். மேடைக்குப் பதினெட்டுப் படி.

படிகளைக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினான். அவன் நொண்டுவதைப் பார்த்து அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார். இந்தத் தம்பியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்று ஆரம்பித்தார். அரை மணி நேரம் பேசினார். டைல்ஸில் முதல் தரம், இரண்டாம் தரம் என்று உண்டு. முதல் தரத்தை வரவேற்பறையில் பதிப்போம், இரண்டாம் தரத்தைச் சமையலறை, குளியலறை, கழிப்பறை என்று எங்கே வேண்டுமானாலும் பதிக்கலாம். இந்தத் தம்பி அப்படிப்பட்டவர் என்றார். கைதட்டல் குறைந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"இந்த மாதிரி ஆளுங்கதான் நமக்கு வேணும். மூக்கு உடைஞ்சுது, கேட்டாரா? பல்லு போச்சு, கேட்டாரா? உடம்பக் குடுத்தாரு, நாம வாங்கிக்கிட்டோம். திருப்பிக் கேக்கல பாருங்க, அதுதான் ஒழுக்கம். இன்னும் ரெண்டு மூணு வருஷம் இவர்கிட்ட சரக்கு இருக்கு. அதையும் குடுத்துட்டுத்தான் போவாரு."

பித்தளைத் தகடு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். 'இடம், வலம், நடுவென எங்கும் நின்ற ஏந்தல்' என்று அதில் பொறித்து, கீழே தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பூட்டு அதைப் படித்தான். மறுபடி படித்தான். குளத்தில் தொலைத்த சாவி கிடைத்தவனைப் போல அவனுக்கு உடம்பெல்லாம் லேசானது. மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தத் தகட்டைச் செயலாளர் மேசைமேல் வைத்தான்.

"நீங்களே எழுதியிருக்கீங்க சார். வலமும் நின்னேன்னு. உங்க கையெழுத்துதானே?"

செயலாளர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்து அழகாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்தார். பிறகு விளக்கினார்: விருது என்பது பாராட்டுப் பிரிவு. பாராட்டுப் பிரிவில் சொல்லப்படும் எதையும் பதிவேட்டுப் பிரிவு உண்மை என்று எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொண்டால் சம்மேளனத்தை நடத்த முடியுமா? போன வருடம் தலைவரைக் கால்பந்தின் கலங்கரை விளக்கம் என்று தகட்டில் போட்டோம். அதற்காக அவரைக் கடலோரத்தில் கொண்டுபோய் நிறுத்தினோமா?

ஆனாலும் அவனுடைய விடாமுயற்சி அவருக்குப் பிடித்திருந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து, இதுவரை யாரும் கேட்காத ஒரு விதியை எடுத்தார். பதிவேட்டுக்கு மாறான இடத்தில் ஆடக்கூடியவன் என்று ஒரு வீரன் கோரினால், மூவர் குழு முன் தொண்ணூறு நிமிடம் அந்த இடத்தில் ஆடிக் காட்ட வேண்டும். காட்டினால் பதிவேட்டில் திருத்தம் செய்யப்படும். திருத்தம் ஆனால் வலது முட்டி தொழில் முட்டி ஆகிவிடும். கடிதம் அன்றைக்கே.

"முட்டி கிழிஞ்சிருக்கு சார். எப்படி ஆடுறது?"

"அதத்தான் பார்க்கப் போறோம். தொண்ணூறு நிமிஷம் ஆடிட்டீங்கன்னா நீங்க வலது தடுப்பு. ஆனா முட்டியில ஒண்ணும் இல்லன்னு ஆகும். ஆட முடியலன்னா முட்டியில ஏதோ இருக்குன்னு ஒத்துக்கலாம். ஆனா நீங்க வலது தடுப்பு இல்லன்னு ஆகிடும்." செயலாளர் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் உண்மையான பெருமிதம் இருந்தது. "நான்தான் எழுதினேன் இந்த விதிய. ஓட்டையே கிடையாது."

பூட்டு வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்காததைப் பார்த்ததும் அது நின்றுபோயிற்று.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரி சார்னு சொன்னேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "இது அஞ்சாவது வாரம். நான் ஸ்கேன் எடுத்த முட்டி அது. அதுக்குள்ள என்ன இருக்குன்னு உங்கள விட எனக்கு நல்லாத் தெரியும். அதோட போய் ஓடினா மிச்சம் இருக்கறதும் போயிடும்."

"ஓடாமலே ஆடுவேன். இடத்தப் பார்த்து நின்னாப் போதும். நான் என்ன புதுசா?"

"பேரு, பேருன்னு. அந்த நோட்டுல உங்க பேரு இருந்து என்ன ஆச்சு இதுவரைக்கும்?"

"அது இல்லன்னா நான் யாரு?"

அவளுக்கு அதற்குப் பதில் தெரியும். ஆனால் அந்தப் பதிலை அவனாகச் சொன்னால்தான் உண்டு என்பதும் தெரியும். எழுந்துபோய் மறுபடி குழாயைத் திறந்தாள். "நான் ஆஸ்பத்திரி வண்டியோட வெளிய நிக்கறேன். நீங்க விழுவீங்க. எப்பன்னுதான் தெரியல," என்றாள்.

அணித் தோழர்கள் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். சொந்த அணியையே இரண்டாகப் பிரித்து ஆடுவது, பூட்டு இருக்கும் பக்கம் பந்தே போகாமல் பார்த்துக்கொள்வது. செயலாளர் இதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். தேர்வு நேர்மையாக நடக்க வேண்டும் என்று, சம்மேளன முகாமில் இடம் கேட்டுக் காத்திருந்த இருபது வயதுக்காரர்கள் பதினொரு பேரை எதிரணியாகக் கொண்டுவந்து இறக்கினார். நன்றாக ஆடுகிற இரண்டு பேருக்கு முகாமில் இடம் என்றும் சொல்லியிருந்தார். பூட்டு நின்ற பக்கம் வந்தவன் ஒல்லியாக, வேகமாக இருந்தான். அவன் பிழைப்பு இவனைத் தாண்டுவதில் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் பக்கத்தில் வந்து, "அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கும் வேற வழியில்ல," என்றான். "நீ வாடா தம்பி," என்றான் பூட்டு.

மூவர் குழு மேடையில் உட்கார்ந்தது. மைதானத்தின் பக்கவாட்டில், நடுக்கோட்டுக்கு நேராக, கூரை போட்ட மேடை. தலைவர் குளிர்பானத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் பல் குத்திக்கொண்டிருந்தார். செயலாளர் மடியில் பதிவேடு.

முதல் பாதி முழுக்கப் பூட்டு ஒற்றைக் காலில்தான் ஆடினான் என்று சொல்ல வேண்டும். ஒல்லிப் பையன் எங்கே வருவான் என்பது அவன் தோளிலேயே தெரிந்துவிடும். அவன் வருவதற்குள் பூட்டு அங்கே போய் நின்றிருப்பான். பந்தை எடுத்ததும் இடது காலால் தள்ளிவிடுவான். ஊன்றும்போதெல்லாம் முட்டிக்குள் ஒரு கூழாங்கல் புரண்டது. வியர்வை கண்ணில் இறங்கியது. ஆனாலும் நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒருவரும் அவனைத் தாண்டவில்லை. மேடையிலிருந்து கைதட்டல்கூட வந்தது. செயலாளர் எழுதினார்: வலது பக்கம், திருப்தி.

இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறின. எல்லா ஊரிலும், எல்லா ஆட்டத்திலும் மாறுவது போலத்தான் மாறின. பூட்டு தன் அணிக்கு வலது பக்கத்தில் போய் நின்றான். விசில் ஊதிய நடுவரைச் செயலாளர் கைதட்டி நிறுத்தினார்.

"அவர் ஏன் இந்தப் பக்கம் வந்துட்டாரு?"

நடுவர் புரியாமல் பார்த்தார். செயலாளர் கையை நீட்டிக் காட்டினார். மேடையிலிருந்து பார்த்தால், முதல் பாதியில் பூட்டின் கோல் வலது கைப்பக்கம் இருந்தது. இப்போது இடது கைப்பக்கம் இருக்கிறது.

கோலுக்குள் நின்றிருந்த மச்சானுக்கு அப்போதுதான் ஏதோ பொறிதட்டியது. அவருடைய அடையாள அட்டையில் 'இடது கோல்கீப்பர்' என்று போட்டிருந்தது. தட்டச்சுப் பிழை என்று ஒன்பது வருடமாக விட்டுவைத்திருந்தார். பிழையே இல்லை. முதல் நாள் ஆள் தேர்ந்தெடுக்க வந்த சம்மேளனக்காரர்கள் இதே மேடையில் உட்கார்ந்து, தங்கள் இடது கைப்பக்கக் கோலின் அருகே யார் யார் நின்றார்களோ அவர்களையெல்லாம் இடது என்றும், மற்றவர்களை வலது என்றும் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். பூட்டு பதினான்கு வருடம் இடது தடுப்பாக இருந்தது அன்றைக்கு மேடையை அந்தப் பக்கம் கட்டியிருந்ததால்தான். எதிர்ப்பக்கம் கட்டியிருந்தால் இன்றைக்கு முட்டி தைத்து மூன்று வாரம் ஆகியிருக்கும்.

நடுவர் மேடைக்குப் போய், இடைவேளைக்குப் பிறகு இருபத்திரண்டு பேருமே பக்கம் மாறுவார்கள் என்று மெதுவாகச் சொன்னார்.

"இருபத்திரண்டு பேருமா?" செயலாளர் திடுக்கிட்டார். "யார் அனுமதி குடுத்தது?"

"அது பழக்கம் சார். எங்கயும் அப்படித்தான்."

தலைவர் குளிர்பானத்தைக் கீழே வைத்துவிட்டு, இதைப் பற்றி ஒரு குழு போட வேண்டும் என்றார். இப்போதைக்கு ஆட்டம் நடக்கட்டும் என்று பெருந்தன்மையாகக் கையசைத்தார். செயலாளர் எழுதினார்: இரண்டாம் பாதியில் பழைய இடத்துக்கே திரும்பினார். இயல்பு அதுதான் போலும்.

இதெல்லாம் நடுவர் வந்து சொன்னபோது பூட்டு குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டு நிமிர்ந்தான். பதினான்கு வருடம் தன்னைப் பார்க்க உட்கார்ந்திருந்தவர்களை முதல்முறையாக அவன் பார்த்தான். ஒருவர் பல்லிடுக்கிலிருந்து எடுத்ததை விரல் நுனியில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

எழுபத்தோராவது நிமிடம். நடுக்கோட்டருகே ஒல்லிப் பையன் பந்தை அவன் கால்களுக்கு இடையில் தள்ளிவிட்டு ஓடப் பார்த்தான். பூட்டு திரும்பினான். ஊன்ற வேண்டியது வலது கால். ஊன்றினான். இந்த முறை சத்தம் மைதானத்துக்கே கேட்டது. நின்றிருந்தவர்கள் நின்ற இடத்திலேயே முகத்தைச் சுளித்தார்கள். ஒல்லிப் பையன் பந்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஓடிவந்தார்கள். "தூக்காதீங்க," என்று மேடையிலிருந்து குரல் வந்தது. செயலாளர் இறங்கி வந்துகொண்டிருந்தார். பின்னால் பல் டாக்டர். அவருக்குப் பின்னால், கோடு போட வைத்திருந்த நீளமான அளவுநாடாவோடு மைதானக் காவலாளி.

விழுந்த இடம் வலது என்றால் வலது தடுப்பின் சேதம், இடது என்றால் இடது தடுப்பின் சேதம். அதை முடிவு செய்யாமல் உடலை அப்புறப்படுத்தினால் பிறகு யார் பதில் சொல்வது என்று செயலாளர் கேட்டார். உடல் என்றுதான் சொன்னார். இரண்டு கோல்களிலிருந்தும் அளந்தார்கள். ஒரு தடவை அளந்ததில் எட்டு அங்குலம் வித்தியாசம் வந்தது, நாடா மடங்கியிருந்தது. மறுபடி அளந்தார்கள். பூட்டு சரியாக நடுக்கோட்டின்மேல் கிடந்தான். கோட்டுச் சுண்ணாம்பு அவன் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

பல் டாக்டர் குனிந்து, பூட்டைச் சோதிப்பது போல வாயைத் திறக்கச் சொன்னார். பழக்க தோஷம்.

செயலாளர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். குரலில் தேன் வழிந்தது. "தம்பி, நான் உங்களுக்கு நல்லது பண்ணத்தான் பார்க்கறேன். அந்தப் பக்கம் ஒரு அடி நகர்ந்து படுத்துக்கோங்க. வலதுன்னு போட்டுடறேன். கடிதம் சாயங்காலத்துக்குள்ள. பேரும் இருக்கும், முட்டியும் ஆச்சு. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

ஒரு அடிதான். கையை ஊன்றிப் புரண்டால் வந்துவிடும். பூட்டு முழங்கையைக்கூட ஊன்றிவிட்டான். உதடு 'சரி'க்கு வளைந்ததையும் அவனே உணர்ந்தான். நகரு என்றதும் நகர்கிற உடம்பு. அதை அப்படிப் பழக்கியதே அவன்தான்.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றிருந்தாள். அவன் புரளப் போகிறான் என்று தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பூட்டு முழங்கையை எடுத்தான். முதுகைத் தரையில் நன்றாகப் பதித்துக்கொண்டான்.

"நகர மாட்டேன் சார்," என்றான்.

செயலாளருக்குக் காதில் சரியாக விழவில்லை. அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை. "என்னது?"

"பதினாலு வருஷம் நகர்ந்தாச்சு. போதும். மச்சான், தூக்குங்க."

மச்சான் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தார். ஒல்லிப் பையன் கால்மாட்டில் பிடித்தான். செயலாளர் எழுந்து கையை விரித்து மறித்தார். இப்படிப் போனால் வெளி மருத்துவமனை. வெளி மருத்துவமனை என்றால் பெயர் அடிபடும். நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்.

"அடிச்சுக்கோங்க சார். இடது பக்கம் இருக்கற பேர அடிக்கறதா, வலது பக்கம் இருக்கற பேர அடிக்கறதான்னு மட்டும் நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

ஸ்ட்ரெச்சர் வேலியைத் தாண்டியது. மனைவி கூடவே நடந்தாள். ஒரு கையால் அவன் கன்னத்துச் சுண்ணாம்பைத் துடைத்துவிட்டாள். டாக்டர் அறுவை அறையைத் தயாராக வைத்திருக்கிறார் என்று ஓட்டுநர்தான் சொன்னார். எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று பூட்டு கேட்டான். "நடக்கலாம். படியேறும்போது வலிக்கும்," என்றாள். "எல்லாப் படியும் ஏறியாச்சு," என்றான் அவன்.

வண்டிக் கதவைச் சாத்துமுன் அவன் கழுத்தைத் திருப்பி மைதானத்தைப் பார்த்தான். மூன்று பேரும் இன்னும் அங்கேதான் நின்றிருந்தார்கள். தலைவர்கூட இறங்கி வந்துவிட்டார். உடல் இல்லாமல் அளக்க விதியில் இடமில்லை என்று செயலாளர் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு மைதானக் காவலாளியிடமிருந்து நாடாவை வாங்கிக்கொண்டு, அவரை நடுக்கோட்டின்மேல் படுக்கச் சொன்னார்கள்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்துப் புல்லில் விரித்துக்கொண்டு படுத்தார். படுத்தவர் தலையை மட்டும் தூக்கி, தலைவரிடம் பணிவாகக் கேட்டார்:

"எந்தக் கால மடக்கிக்கணும் சார்?"